குகதாசன் தேடிய வளைவு

செய்தி வந்தபோது நான் ரியாத்தில், பத்தா கடைத்தெருவில், ஊருக்குப் பேசுவதற்காக ஒரு போன் கடை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை. நம் ஆட்கள் அத்தனை பேரும் அந்த ஒரு தெருவில்தான் இருப்பார்கள் என்று சொல்லுகிற மாதிரி கூட்டம். என் கைபேசி அடித்தது. துபாயிலிருந்து செய்யது காக்கா. அல் குசைஸில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர்; அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். எப்போது பேசினாலும் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் ஆரம்பிப்பார். அன்று சலாம்கூடச் சொல்லவில்லை.

“தம்பி, எங்கே நிக்கிறீங்க? கொஞ்சம் ஓரமா வாங்க. நம்ம குகன் மவுத்தாயிட்டாரு. டொரண்டோவிலேருந்து ரஜனி இப்பத்தான் பேசினாங்க. உங்க நம்பருக்கு லைன் கிடைக்கலையாம்.”

“சரி காக்கா” என்றேன். என் முறை வந்துவிட்டது என்று கடைக்காரர், “யல்லா பாய், யல்லா” என்று விரட்டினார். உள்ளே போய் ஊருக்குப் போன் போட்டு, மனைவியிடம் வீட்டு மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசிவிட்டு வெளியே வந்தேன். குகன் செத்துப்போனதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரியும். பின்னால் அத்தனை பேர் காத்துக்கொண்டு நின்றார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வெள்ளிக்கிழமைக் காலைகளில் அவரோடு ஐஸில் விழுந்து எழுந்தவர்கள். அஜ்மானிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர்கள் உண்டு. கேம்ப்பில் அறைக்காரன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு. உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குகதாசன் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். எண்பதுகளில் கனடா போய், அங்கே லிஃப்ட் வேலை படித்து, முப்பது வயதுக்கு மேல் ஐஸ் ஹாக்கி பழகியவர். துபாயில் கட்டடங்கள் முளைக்கத் தொடங்கிய நாட்களில் எங்கள் கம்பெனிக்கு லிஃப்ட் எஞ்சினியராக வந்து சேர்ந்தார். நான் அதே கம்பெனியில் அளவெடுத்துக் கணக்குப் போடுகிறவன். கோவில்பட்டிக்காரன்.

கோவில்பட்டிக்காரன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சைட் கேன்ட்டீனில் முதல்முறை பேசியபோது, “வெள்ளிக்கிழமை காலமை ஹாக்கி இருக்கு அண்ணை, வாறியளே?” என்று கேட்டார். எங்களிடம் கேட்கிற கேள்வியா இது! எங்கள் ஊரில் பையன்கள் நடக்கப் பழகியதும் கையில் ஹாக்கி மட்டையைத்தான் கொடுப்பார்கள். அறையில் ஆணியில் தொங்கிய மட்டையைத் துடைத்து எடுத்துக்கொண்டு, கான்வாஸ் ஷூவும் அரைக்கால் சட்டையுமாக, அவர் சொன்ன இடத்தில் போய் இறங்கினேன். கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அடிக்கிறது. உள்ளே மைதானம் முழுவதும் ஐஸ். வெள்ளைக்காரர்களும் அரபிப் பையன்களும் ராணுவம் மாதிரி கவசம் மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள். நடுவில் குகன். என் மட்டையையும் என் முழங்காலையும் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு மட்டும் தெரிந்தது.

“வந்தது வந்திட்டியள். சப்பாத்து எடுத்தால் எல்லாம் சரியாய்ப் போகும்” என்றார்.

சப்பாத்து என்றால் ஷூ; அடியில் பிளேடு வைத்த ஐஸ் ஸ்கேட்ஸையும் அவர் அப்படித்தான் சொல்வார். அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் யாழ்ப்பாணத்துச் சொல் அதுதான். அன்றைக்கே என்னை செய்யது காக்காவின் கடைக்கு அழைத்துப் போனார். ஜும்மாவுக்குக் கடை அடைப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று அவசரம். நான் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துத் தரச் சொன்னேன். குளிருமே என்று இரண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கொள்வதாகத் திட்டம். நம் வீடுகளில் செருப்பை என்றைக்கு அளவாக வாங்கியிருக்கிறோம்? அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று பெரிதாகத்தானே வாங்குவோம்.

“வளருற பிள்ளைக்கே அண்ணை வாங்குறியள்?” என்றார் குகன். காக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு அவர் என் முன்னால் தரையில் உட்கார்ந்து, நான் வழக்கமாகப் போடும் ஷூவைவிட ஒரு சைஸ் சின்னதாக ஒன்றை எடுத்து மாட்டினார். மெல்லிசாக ஒரே ஒரு உறை. எழுந்து நின்றபோது விரல் நுனி முன்பக்கத்தைத் தொட்டது. முழங்காலை மடக்கச் சொன்னார். மடக்கியதும் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்து, விரல்கள் விடுபட்டன. குதிகால் கொஞ்சம்கூட மேலே எழும்பவில்லை. “இதுதான் அளவு. சப்பாத்து காலைப் பிடிக்கவேணும். பெரிசாய்ப் போட்டால் கால் சப்பாத்தைப் பிடிக்கும். விரலெல்லாம் மடங்கிப் பாதம் உளைஞ்சு போகும்” என்றார். கடையில் மினுங்கிக்கொண்டிருந்த, பெரிய ஆட்டக்காரர்கள் போடும் விறைப்பான ஜோடியை நான் ஆசையாகப் பார்த்தேன். அது எங்களோடு ஆட வரும் பட்டாணிக்காரர் கான் பாய் மாதிரி எடையுள்ளவருக்குத்தான் மடங்கும், என் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மரக்கட்டையில் கால் விட்ட மாதிரி இருக்கும் என்று அதைத் திரும்ப மேலே வைத்துவிட்டார்.

வயசான பிறகு பழக வருகிற ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். விழுந்ததும் வயசைச் சொல்வோம், மூட்டைச் சொல்வோம், ராட்டினம் ஏறினது மாதிரி தலை சுற்றுகிறது என்போம். குகனுக்கு அது பிடிக்காது. “பிழை காலிலை இல்லை, சப்பாத்திலை. முதல் அதைப் பாருங்கோ” என்பார். முக்கால்வாசி நேரம் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. கயிறு தளர்ந்திருக்கும். பிளேடு ஒருபக்கம் மழுங்கியிருக்கும். நாற்பது வயதில், ஊரும் குடும்பமும் ஒரு பக்கம் இருக்க, கேம்ப்பும் டூட்டியுமாக இருக்கிற ஒருவனிடம் உன்மேல் பிழை இல்லை என்று ஒருத்தர் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் அதற்காகவே அவரிடம் போனோம் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. ஐஸில் நான் முதல்முதலாக நின்ற அன்று, கம்பியை விட்டுக் கையை எடுத்ததும் அவர் பின்னாலிருந்து, “ஆறுதலா, ஆறுதலா” என்றார். நான் இன்னும் விழவே இல்லை, அதற்குள் எதற்கு ஆறுதல் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். விழுந்தேன். அவர்கள் பக்கம் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று அர்த்தமாம். கான் பாயிடம் ‘ஆஹிஸ்தா’ என்று கத்துவதைத்தான் எங்களிடம் ‘ஆறுதலா’ என்று கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு யார் விழுந்தாலும் கும்பலாகப் போய் நின்று துக்கம் விசாரிக்கிற முகத்தோடு “ஆறுதலா, ஆறுதலா” என்று சொல்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. குகனும் எங்கள் அர்த்தத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்யப் பழகிவிட்டார். ஆளைப் பொறுத்து, நேரத்தைப் பொறுத்து, இரண்டு அர்த்தத்திலும் சொல்வார்.

புது ஸ்கேட்ஸைக் காலுக்குப் பழக்க, கனடாவில் கடையிலேயே ஓர் அடுப்பில் வைத்துச் சூடாக்கி, இளகினதும் காலில் மாட்டிவிடுவார்களாம். காக்காவிடம் அடுப்பு இல்லை. குகன் ஜூலை மாதத்தில் என் ஜோடியைத் தன் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாங்கள் பிரியாணி சாப்பிட்டு வந்து எடுத்தார். கச்சிதமாக இளகியிருந்தது. “கனடாக்காரனுக்கு இந்த வசதி இல்லை” என்று அவருக்கு ஒரே பெருமை. அப்புறம் கான் பாயின் ஜோடியைக் காரில் வைத்ததை மறந்துவிட்டு சைட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் திறந்தால் அடிப்பாகம் தனியாக வந்துவிட்டது. கான் பாய் அந்த அடியைக் கையில் பிடித்துக்கொண்டு, “யே க்யா ஹை குகன் பாய்?” என்று கேட்டதும், குகன் தலையைச் சொறிந்ததும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பிளேடின் வளைவைப் பற்றி அவர் சொன்னதை எழுதாமல் விட்டால் நீங்கள் யாரும் என்னை மன்னிக்க மாட்டீர்கள். ஸ்கேட்டின் பிளேடு பார்வைக்கு நேராக இருக்கும். உண்மையில் அது ஒரு பெரிய வட்டத்தின் சின்னத் துண்டு. எங்களுக்கு இது மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் காக்கா கடைக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்தில் ஒன்பதடிக் கயிற்றின் ஒரு முனையை என் காலடியில் பிடிக்கச் சொல்லி, மறு முனையில் சாக்பீஸைக் கட்டி, சிமெண்டுத் தரையில் வில் போல ஒரு கோடு போட்டார். என் ஸ்கேட்டைக் கழற்றிப் படுக்கவைத்தார். பிளேடு அந்தக் கோட்டின்மேல் சரியாகப் பொருந்தியது. பிறகு பதின்மூன்றடிக் கயிறு. அந்தக் கோடு இன்னும் நேராக இருந்தது.

“சின்ன வட்டம் எண்டால் ஐஸிலை கொஞ்சம்தான் படும். கெதியாய்த் திரும்பலாம், ஆனால் ஆடும். பெரிய வட்டம் எண்டால் நிறையப் படும். நிக்க உறுதி, திரும்பப் பாடு. உங்களுக்கு எது வேணும், திரும்பவோ நிக்கவோ?” என்று கேட்டார்.

“நிற்க முடிந்தால் போதும்” என்றேன்.

“அப்ப பதினொண்டு” என்று சொல்லி, காக்காவின் சாணை இயந்திரத்தில் அவரே உட்கார்ந்து தீட்டிக் கொடுத்தார். அவருடைய பிளேடு ஒன்பது. அந்த அரங்கத்தில் கனடாக்காரர்களுக்குச் சமமாக ஒரு காலில் வட்டம் போட்டுத் திரும்பக்கூடிய எங்கள் ஆள் அவர் ஒருத்தர்தான். நான் கரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எனக்கும் வந்துவிடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அந்தத் திருப்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் விழுந்தார். எழுந்து, பிளேடைத் திருப்பிப் பார்த்து, “மழுங்கிப் போச்சு” என்றார். அடுத்த வாரமும் விழுந்தார். எப்போதும் வலது கால். காக்கா தீட்டிக் கொடுத்தார். பிளேடின் நடுவில் ஓடும் பள்ளத்தை ஆழமாக்கினார்கள், விளிம்பு நன்றாகக் கவ்வட்டும் என்று. கவ்வியது. கவ்வின இடத்திலேயே கால் மாட்டிக்கொண்டு விழுந்தார். பள்ளத்தைக் குறைத்தார்கள். ஒன்பதைப் பத்தாக்கினார்கள். “வயசுக்கு ஒன்பது கூடாதுதான்” என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். நானும் காக்காவும் தலையாட்டினோம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

பத்து பதினொன்றானது. பிறகு ஸ்கேட்டே பழசு, கணுக்காலைத் தாங்கவில்லை என்று முடிவு செய்து, கடையிலேயே மிக விறைப்பான ஜோடியை வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு இறங்கிய அன்று அவர் பழைய குகனாக இருந்தார். கால் ஆடவில்லை. ஒரு கோல்கூடப் போட்டார். கரைக்கு வந்து மூச்சு வாங்க, “பார்த்தியளே? பிழை சப்பாத்திலைதான்!” என்று என் முதுகில் அறைந்தார். நாங்கள் எல்லோரும் மட்டையைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தோம். காக்கா அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த விறைப்பான சப்பாத்து, செயலிழந்துகொண்டிருந்த பாதத்தைக் கட்டுப்போட்ட மாதிரி தூக்கிப் பிடித்திருக்கிறது. அதனால்தான் அவர் தரையில் நடப்பதைவிட ஐஸில் நன்றாக இருந்தார். இதை எங்களுக்குப் பிற்பாடு டாக்டர் சொன்னார். அன்று நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

கண்டுபிடித்தது ரஜனிதான். அவர் மனைவி. ஒரு மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குகன் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனார். ரஜனி கரண்டியைக் கையில் வைத்தபடி காதைக் கொடுத்துக் கேட்டார்.

“மாரி அண்ணை, இவர் நடக்கிற சத்தம் உங்களுக்கு வித்தியாசமாக் கேக்கேல்லையே? ஒரு கால் வைக்குது, மற்றக் கால் டைல்ஸிலை அடிக்குது.”

நானும் கேட்டேன். டப், டப் என்று வலது பாதம் தரையில் அறைந்துகொண்டு வந்தது. வெறுங்கால். குறை சொல்ல அந்தக் காலில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய் என்றார்கள். மருந்து இல்லை என்றார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு அந்த டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். வெளியே வந்து கார் கதவைத் திறந்தபடி குகன் என்னிடம் சொன்னார்: “சப்பாத்தாய் இருந்திருக்கலாம் அண்ணை.” ஆமாம் குகன் என்றேன். வண்டியை நான்தான் ஓட்டினேன். அவர் கால் பிரேக்கில் நிற்காது என்று அதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறமும் அவர் பிளேடை விடவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நோய் இன்னதென்று தெரிந்த பிறகும் வாரா வாரம் காக்கா கடைக்கு வந்து உட்காருவார். பன்னிரண்டு ஆக்கிப் பார்ப்போமா என்பார். பதின்மூன்று என்பார். முன்பக்கம் சாய்வாக இருக்கிறது, பின்பக்கத்தைக் கொஞ்சம் எடுப்போமா என்பார். காக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். “சரி தம்பி, பார்ப்போம்” என்று காக்கா சாணையைப் போடுவார். பொறி பறக்கும். நான் கடை வாசலில் போய் நின்றுகொள்வேன். யார்மேல் என்று தெரியாமல் கோபம் வரும். ஒருநாள் பார்க்கிங் விஷயமாக ஒரு பெங்காளி டிரைவரிடம் காரணமே இல்லாமல் சண்டைக்குப் போனேன்.

லிஃப்ட் குழிக்குள் இறங்க முடியாத லிஃப்ட் எஞ்சினியரைக் கம்பெனி எத்தனை நாள் வைத்திருக்கும்? வேலை போனது. வேலை போனால் விசா போய்விடும். கலாஸ், அவ்வளவுதான் இந்த ஊர். கனடா பாஸ்போர்ட் இருந்ததால் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிக்கெட் போட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஒரு தடவை ஐஸில் நிற்க வேண்டும் என்றார். ஆட வேண்டும் என்று கேட்கவில்லை. நிற்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

அன்று உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். காக்கா அவருடைய பிளேடை வளைவே இல்லாமல், மேசைமேல் வைத்தால் ஆடாத அளவுக்குத் தட்டையாகத் தீட்டிக் கொண்டுவந்திருந்தார். இடது பக்கம் நான், வலது பக்கம் கான் பாய். அக்குளில் கை கொடுத்து நடுமைதானத்துக்குக் கொண்டுபோனோம். அவர் ரொம்ப இளைத்திருந்தார். ஆனாலும் முழு எடையும் எங்கள் தோளில்தான் இருந்தது.

“இப்ப விடுங்கோ” என்றார்.

கான் பாய் என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன்.

“விடுங்கோ அண்ணை. விழுந்தால் விழுறன். எத்தினை தரம் உங்களை விழவிட்டிருப்பன்?”

விட்டோம். நின்றார். கைகளை லேசாக விரித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றார். பிறகு வலது முட்டி மடிந்தது. பிடிக்கப் பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் என் பிளேடு சறுக்கி நானும் அவர்மேலேயே விழுந்தேன். இரண்டு பேரும் ஐஸில் மல்லாந்து கிடந்தோம். யாருக்கும் கேலியாக ‘ஆறுதலா’ சொல்ல வாய் வரவில்லை. குகன்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பிளேடு திறம் அண்ணை. காக்காட்டைச் சொல்லுங்கோ, பிளேடிலை ஒரு பிழையும் இல்லை.”

அவர்கள் போன கொஞ்ச நாளில் துபாயில் வேலைகள் நின்றுபோய், கம்பெனி என்னை ரியாத் சைட்டுக்கு அனுப்பியது. பத்தாவிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையாவது பேசுவேன். ஒவ்வொரு முறையும் அவர் குரல் கொஞ்சம் குழைந்திருக்கும். கடைசியாகப் பேசியபோது பாதிச் சொற்கள்தான் புரிந்தன. எப்படியாவது ஒருதடவை வந்து பார்க்கிறேன் குகன் என்றேன். சும்மா சொல்லவில்லை. அப்போது உண்மையாகவே நினைத்தேன்.

“ஆறுதலா வாங்கோ” என்றார்.

அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்று சொன்னாரா? அல்லது எங்களோடு பழகி எங்கள் அர்த்தத்தில், ஆறுதலாக இருக்க வாருங்கள் என்று கூப்பிட்டாரா? முன்பானால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் குரலில் அப்போது ஏற்ற இறக்கமே இருக்கவில்லை. திரும்பக் கேட்பதற்குள் ரஜனி போனை வாங்கிவிட்டார். இதை நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. எந்த அர்த்தமாக இருந்தாலும் நான் போயிருக்க முடியாது என்பது வேறு விஷயம். என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். நாட்டைவிட்டு வெளியே போய்வர கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, கையெழுத்துப் போட வேண்டும். என் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே ‘மாஃபி’, கிடையாது என்றவர் அவர். கனடா விசாவுக்கு எந்த வாசலில் போய் நிற்பது? யாழ்ப்பாணத்து நண்பருக்கு உடம்பு சரியில்லை என்று எந்த அதிகாரியிடம் சொல்வது? அவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டால் சொல்ல ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

காக்கா செய்தி சொன்ன மறுநாள், நான் டூட்டியில் இருந்தபோது ரஜனியே பேசினார். சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்கு ஒதுங்கி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் அழவில்லை. அழுது முடித்த குரல். நாளைக்குக் கிரியை என்றார். ஆட்கள் வருவார்களா, யார் கொள்ளி வைப்பது என்று நான்தான் ஏதேதோ கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு தயங்கினார்.

“அண்ணை, ஒண்டு கேக்கவேணும். இங்கை உடுப்புக் கொண்டுவரச் சொன்னவை. கோட்டு சூட்டுக் குடுத்திட்டன். சப்பாத்தும் கேக்கினம். வீட்டிலை நாலு சோடி இருக்கு. எதைக் குடுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ.”

ஆயிரக்கணக்கான மைலுக்கு இந்தப் பக்கம், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் யோசித்தேன். குகனுக்குச் சப்பாத்துத் தேர்ந்தெடுக்க என்னைக் கேட்கிறார்கள். எந்த ஜோடியைச் சொன்னாலும் அந்தக் காலை அது தாங்கப் போவதில்லை. இனிமேல் தாங்கவும் தேவையில்லை. அவருக்காக என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. எதிரில் ஒரு ஃபோர்மேன் “ஜல்தி, ஜல்தி” என்று கையைக் காட்டினார்.

“எதுவும் வேண்டாம் ரஜனி” என்றேன். “அவர் காலை வெறுமனே விட்டுருங்க.”

“ஓம் அண்ணை. அதுதான் சரி” என்றார். அப்போதுதான் அவர் அழத் தொடங்கினார். நானும் அழுதேன். கான்கிரீட் லாரி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அவருடைய தட்டைப் பிளேடு காக்கா கடையில் இருக்கிறது. வேண்டுபவர்கள் போய்ப் பாருங்கள். அவர் சொன்னவற்றை நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். எனக்கு என்று நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் மனைவி என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியையும், அவருடைய வெறுங்காலையும்தான்.